பின்சீட்டுக்குச் சாலை தெரியாது

கேளம்பாக்கம் கூட்டுரோட்டில் விடியற்காலை ஐந்து மணிக்கு இரண்டு வகை சைக்கிள்கள் போகும். ஒன்று, நாவலூர், சிறுசேரி அடுக்குமாடிகளிலிருந்து கிளம்பிக் கோவளம் ரோட்டில் திரும்புபவை. ஹெல்மெட், இறுக்கமான உடை, முன்னும் பின்னும் மின்னும் விளக்கு. இன்னொன்று, அதே அடுக்குமாடிகளில் நைட் டூட்டி முடித்து வரும் செக்யூரிட்டி அண்ணன்களும், சைட்டுக்குப் போகும் கட்டடத் தொழிலாளர்களும் ஓட்டுபவை. விளக்கு கிடையாது. ஹேண்டில்பாரில் டிபன் கேரியர் தொங்கும். முதல் வகைக்குப் பத்திரிகையில் படம் வரும். இரண்டாம் வகைக்கு, அடிபட்டால் நான்கு வரி வரும்.

நாங்கள் ஓட்டுவது இரண்டிலும் சேராத ஒரு வண்டி. டாண்டம். ஒரே சட்டகம், இரண்டு சீட், இரண்டு ஜோடி பெடல். ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒருவரிடமிருந்து செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். தெருப் பிள்ளைகள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'ரயிலு'.

இந்த வண்டியில் முன்னால் இருப்பவரிடம்தான் ஹேண்டில், பிரேக், கியர் எல்லாம். பின்னால் இருப்பவருக்குத் தெரிவது முன்னால் இருப்பவரின் முதுகு மட்டுமே. இரண்டு பெடல்களையும் ஒரு செயின் இணைக்கிறது. ஒருவர் மிதிப்பதை நிறுத்தினால் மற்றவரின் காலும் நிற்கும். அதனால் முன்னால் இருப்பவர் பேசிக்கொண்டே ஓட்ட வேண்டும்: "பள்ளம்", "பிரேக்", "நாய்". சொல்லாமல் பள்ளத்தில் இறக்கினால் பின்னால் இருப்பவரின் முதுகெலும்பு வாங்கிக்கொள்ளும். பழகிய முதல் மாதத்தில் நாங்கள் போட்ட சண்டைகளில் பாதி இதனால் வந்தவை.

எடை கூடியவர் முன்னால் உட்கார வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார்கள். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். ஆனால் எங்களில் ஆண் மாநகரப் பேருந்தில் தொங்கி வளர்ந்தவர். சைக்கிள் ஓட்டக் கற்றதே இருபது வயதுக்கு மேல். எங்களில் பெண், பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிளில் தினமும் பள்ளிக்குப் போய் வந்தவர். இரண்டு முறை மணலில் விழுந்த பிறகு சீட்டை மாற்றிக்கொண்டோம். அன்று முதல் கோவளத்தில் டீ குடிக்க நின்றால் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "அண்ணன் பின்னாடி சும்மா உட்கார்ந்து வர்றாரா?" பெண் பின்னால் இருந்த நாட்களில் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

அந்த அரசு சைக்கிளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இன்றைக்கு அது எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது. 2001-02இல் தொடங்கியபோது பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்காகத்தான் தொடங்கினார்கள். அதற்குப் பத்தாண்டுகள் முன்பு புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றிருந்தார்கள். எங்களில் பெண்ணுக்கு வண்டி கிடைத்த அன்று பள்ளியிலிருந்து ஏறி ஓட்டியே வந்தார். ஊர்த்தெரு முனையில் அப்பா காத்திருந்தார். "இறங்கித் தள்ளிக்கிட்டு வா, பாப்பா" என்றார். அவரும் தன் வண்டியைத் தள்ளிக்கொண்டே உடன் நடந்தார். அரசு கொடுத்த வண்டி, அரசு போட்ட ரோடு. இரண்டு வருடமும் அந்த இருநூறு அடியை நடந்தேதான் கடக்க வேண்டியிருந்தது.

இதையெல்லாம் பழங்கதை என்று சொல்லும் நண்பர்களிடம் நாங்கள் சட்டத்தை எடுத்துக் காட்டுவோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. 2015இல் அதைத் திருத்தினார்கள். திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதை, செருப்பு அணிவதை, புதுத்துணி உடுத்துவதைத் தடுத்தால் குற்றம் என்று அதில் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. படிக்கும் தோழர்கள் பிரிவு 3(1)(இசட்ஏ)வை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நடக்காத ஒன்றைச் சட்டத்தில் இவ்வளவு விவரமாக எழுத மாட்டார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறோம். போன ஜனவரியில் 200 கிலோமீட்டர் பிரெவே ஓட்டினோம். பிரெவே என்பது பந்தயம் இல்லை. முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. 200 கிலோமீட்டரை பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், அவ்வளவுதான். 300க்கு 20 மணி நேரம், 600க்கு 40. வழியில் குறித்த இடங்களில் அட்டையில் முத்திரை வாங்க வேண்டும். டாண்டத்தில் போனாலும் ஆளுக்கொரு அட்டை. நேரத்தில் சலுகை இல்லை. இந்த வகை ஓட்டங்களுக்கெல்லாம் தாய் பாரிஸ்–ப்ரெஸ்ட்–பாரிஸ், சுமார் 1200 கிலோமீட்டர். 1891 செப்டம்பரில் முதலில் நடந்தபோது பிரெஞ்சு ஆண்களுக்கு மட்டும்தான் அனுமதி. 1931இல்தான் பெண்கள் ஓட்டி முடித்தார்கள். அவர்களில் ஒருவர் கணவரோடு டாண்டத்தில் போனவர். அதே 1891இல்தான் செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்ஹீர் இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலைமை பற்றிய அறிக்கையை அரசுக்குக் கொடுத்தார். அதன் பேரில் 1892இல் வந்த ஆணையைத்தான் நாம் பஞ்சமி நிலம் என்ற பேச்சில் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இரண்டுக்கும் தொடர்பு ஒன்றும் இல்லை. கேளம்பாக்கத்திலிருந்து சைக்கிளில் கிளம்பும் எங்களுக்குத்தான் இரண்டும் சேர்ந்தே நினைவுக்கு வரும்.

வழி, கிழக்குக் கடற்கரைச் சாலை. மாமல்லபுரம், கல்பாக்கம், பாலாற்றுப் பாலம், கடப்பாக்கம், மரக்காணம் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும். சைக்கிள்காரர்களுக்கு இது சென்னையின் அழகான சாலை. எங்களுக்கு இது 2013 ஏப்ரல் 25. மாமல்லபுரத்தில் நடந்த சித்திரை முழுநிலவு விழாவுக்குப் போன கூட்டம் வந்தபோது மரக்காணத்தில் நம் மக்களின் வீடுகள் எரிந்தன. சில நாட்கள் கழித்து உண்மை அறியும் குழு ஒன்றோடு மாணவர்களாகப் போனோம். இருவரும் முதன்முதலில் சந்தித்தது அங்கேதான். கருகிய கூரைக்கு அடியில் நின்று, எரிந்த சான்றிதழ்களின் பட்டியலை ஒருவர் சொல்ல ஒருவர் எழுதினோம்.

அப்பாவின் ஊர் அந்தச் சாலையிலிருந்து உள்ளே மூன்று கிலோமீட்டர். (பெயரை எழுதவில்லை. அவர் அங்கேதான் இருக்கிறார்.) பதிவு செய்த அன்றே ஒரு திட்டம் போட்டோம். வழியில் விலகி ஊருக்குள் போய், அந்த இருநூறு அடியையும் டாண்டத்தில், இறங்காமல் ஓட்டுவது. விலகிய இடத்துக்கே திரும்பி வந்து ஓட்டத்தைத் தொடர்ந்தால் விதியில் தடை இல்லை. நண்பர் ஒருவர் வீடியோ எடுக்க வருவதாகச் சொன்னார். தலைப்புகூட யோசித்து வைத்திருந்தோம். இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது.

முந்தின இரவு அப்பாவுக்கு போன் செய்து சொன்னோம். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சைக்கிள் ஓட்ட வர்றீங்களா, வம்பு இழுக்க வர்றீங்களா?" என்றார். "நீங்க படம் புடிச்சிக்கிட்டு போயிடுவீங்க. திங்கட்கிழமை நடவுக்கு இவங்க வயலுக்குத்தான் நாங்க போகணும்."

நாங்கள் சம்பளத்துக்குச் செய்யும் வேலையே இதுதான். வெளியிலிருந்து வந்து ஒரு செயலைச் செய்துவிட்டுப் போனால் கூலி, தண்ணீர், ரேஷன் வரிசை என்று உள்ளே இருப்பவர்கள் எப்படி விலை கொடுக்கிறார்கள் என்று பயிற்சி வகுப்பில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். சொந்த அப்பாவிடம் கேட்கத் தோன்றவில்லை. நண்பரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படுத்தோம்.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். போகும்போது வாடைக்காற்று முதுகில் தள்ளியது. சமதரையில் டாண்டம் வேகமாகப் போகும், பாலத்தில் ஏற்றினால்தான் உயிர் போகும். பத்தேகாலுக்கு அந்த விலக்கு ரோட்டுக்கு வந்தபோது டீக்கடை வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய பழைய ஹெர்குலஸ். தூக்குவாளியில் கேழ்வரகுக் கூழ், மோர் மிளகாய்.

மகள் முன்னால் இருப்பதைப் பார்த்துவிட்டு, "மாப்ள, பிரேக்கு யார் கையில?" என்றார்.

"அவங்ககிட்டதான், மாமா."

"அப்ப சரி."

கூழைக் குடித்துக்கொண்டே கேட்டோம். "அப்பா, இவ்வளவு தூரம் தெருவைச் சுத்திக்கிட்டா வந்தீங்க?"

"எதுக்குச் சுத்தணும்? தெரு வழியா ஏறித்தான் வந்தேன். ஏழெட்டு வருஷமா ஏறித்தான் போறேன்."

நாங்கள் ஊருக்குப் போனால் பைக்கில் காலனி ரோடு வழியாக நேராக வீட்டுக்குப் போய்விடுவோம். ஊர்த்தெருவைப் பார்த்தே வருடங்கள் ஆகின்றன. எப்படி மாறியது என்று கேட்டோம். காலனிப் பையன்கள் பைக் வாங்கினார்கள், இறங்க மறுத்தார்கள், இரண்டு முறை அடிதடி, ஒரு முறை ஸ்டேஷன். அதற்குப் பிறகு வயதானவர்களும் ஒவ்வொருவராக ஏறினார்கள். எங்கள் பெயர் எதுவும் இல்லாமல், ஒரு வீடியோவும் இல்லாமல் நடந்திருக்கிறது. நாங்கள் இத்தனை வருடமும் கூட்டங்களில் 'வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்த அப்பா' என்று அவரைச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

"திருவிழா பத்து நாள் மட்டும் சுத்திக்கிட்டுப் போவோம்" என்றார் வாளியைக் கழுவியபடி. "அது இன்னும் அப்படித்தான்."

திரும்பி வரும்போது அதே வாடை முகத்தில் அறைந்தது. மரக்காணத்தைத் தாண்டும்போது இருவரும் பேசவில்லை, பள்ளங்களைத் தவிர. கல்பாக்கத்துக்கு முன்னால் இரண்டு பெடலையும் இணைக்கும் செயின் கழன்றது. மாட்ட இருபது நிமிடம், கையெல்லாம் கிரீஸ். இரவு ஏழு பன்னிரண்டுக்கு முடித்தோம். பதினெட்டு நிமிடம் மிச்சம். கடைசி முத்திரை போட்டவர் ஆணின் அட்டையை முதலில் வாங்கி, "நல்லா ஓட்டியிருக்கீங்க, சார்" என்றார்.

ஆடியில் அப்பாவின் ஊரில் திருவிழா. பத்து நாளும் தெருவில் வண்டி ஓட்டப் பாதுகாப்பு கேட்டு ஆட்சியருக்கு மனு எழுதிக்கொடுக்கும்படி காலனிப் பிள்ளைகள் ஏழு பேர் வாட்ஸப்பில் கேட்டிருக்கிறார்கள். வரைவு அனுப்பிவிட்டோம். அவர்கள் இரண்டு இடத்தில் திருத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போகிறோம். ரயிலு வீட்டிலேயே இருக்கும்.