பக்கக் கணக்கு

2020 மார்ச்சில் நாடு முழுவதும் பாடசாலைகள் மூடப்பட்டபோது ராத்தா உயர்தரத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். நான் தரம் 7. ஆசிரியர்கள் அனுப்பிய பாடக் குறிப்புகள் வாப்பாவின் போனில், வட்ஸ்அப்பில் வந்து குவிந்தன. சின்னத் திரையில் வாசித்து வாசித்து ராத்தாவுக்குத் தலையிடி. ஊரடங்கு தளர்ந்ததும் உம்மா தன் சீட்டுக் காசை எடுத்து வாப்பாவின் கையில் கொடுத்தார்.

கல்முனைக் கடையில் இரண்டு வகை பிரிண்டர்கள் இருந்தன. ஒன்று காட்ரிட்ஜ் போடுவது, மலிவு. மற்றது போத்தல் மையை ஊற்றும் தாங்கி உள்ளது. விலை இரண்டு மடங்குக்கும் மேல். வாப்பா இரண்டாவதையே பார்த்துக்கொண்டு நின்றார். "இது போதும் வாப்பா, மிச்சக் காசுக்குக் கடதாசி வாங்கலாம்" என்று மலிவானதைக் காட்டியவள் நான்தான்.

பெட்டியோடு வந்த மை மூன்று கிழமையில் முடிந்தது. புதிய காட்ரிட்ஜ் இரண்டு முறை வாங்கினோம். மூன்றாவது முறை கையில் காசு இல்லை. இரண்டு மாதம் சும்மா கிடந்ததில் உள்ளே மை காய்ந்து அடைத்துவிட்டது. ராத்தா நள்ளிரவு வரை போனைப் பார்த்துக் கொப்பியில் எழுதினார். யாரும் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. அதுதான் எனக்கு வலித்தது.

இப்போது என் முறை, உயர்தரம். இம்முறை கடைக்குப் போகுமுன் கணக்குப் பார்த்தேன். தாங்கி வகையை எப்சன் நிறுவனம் 2010இல் முதன்முதலாக இந்தோனேசியாவில் விற்பனைக்கு விட்டது. அந்த நிறுவனத்தின் 003 என்ற 65 மில்லிலீற்றர் கறுப்பு மைப் போத்தல் சுமார் 4,500 பக்கம் அச்சிடும் என்கிறார்கள். சிறிய காட்ரிட்ஜ் சில நூறு பக்கங்கள்தான். அன்றைய விலையில் காட்ரிட்ஜில் ஒரு பக்கத்துக்கான மை 10 ரூபாயைத் தாண்டியது. போத்தலில் ஒரு ரூபாய்கூட இல்லை. ஆனால் இந்த எண்ணிக்கை, நிர்ணயித்த மாதிரிப் பக்கங்களை வைத்துச் சொல்வது. உயிரியல் படங்களுக்கு அது செல்லாது.

கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேட்டேன். இந்த மை கல்முனையில் எப்போதும் கிடைக்குமா? உத்தரவாதம் எத்தனை வருடம்? பழுதானால் எங்கே திருத்துவது? வாப்பா சிரித்துக்கொண்டார்.

தாங்கி வகையும் சும்மா கிடந்தால் அடைக்கும். கிழமைக்கு ஒரு பக்கமாவது அச்சிட வேண்டும். பிரிண்டரின் பட்டனால் அணைத்தால்தான் அதன் தலை மூடிக்குள் போய் நிற்கும், மை காயாது. உம்மாவின் கையோ சுவர் சுவிட்சுக்கே போகும். அதை மாற்ற ஒரு மாதம் எடுத்தது.

தோழிகளே, மாதம் பத்துப் பக்கம்தான் தேவை என்றால் கடையில் எடுப்பதே இலாபம். நிறையத் தேவை என்றால், பெட்டியில் ஒட்டிய விலையைப் பார்க்காமல் பக்கத்தின் விலையைப் பாருங்கள்.

புதிய பிரிண்டரில் நான் முதலில் பிரதி எடுத்தது ராத்தாவின் உயிரியல் கொப்பியை. நான்கு தோழிகளுக்கும் கொடுத்தேன். ராத்தா வந்து பார்த்துச் சிரித்தார்.

"அண்டைக்கு உன்ட பிரிண்டர் செய்யாத வேலய நான்தானே செஞ்சன்!"