உப்புக் கரித்த கிணறு

திண்டு போன்ற பாறையால் பெயர்பெற்ற திண்டுக்கல், நெடுங்காலம் எல்லைக் காவலூராக விளங்கியது. மதுரை நாயக்கர்கள் அப்பாறையின்மேல் கோட்டை எழுப்பினர். 1755-இல் மைசூர் அரசு ஐதர் அலியை இங்கே பவுஜ்தாராக அமர்த்தியது. 1792-ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் ஊர் ஆங்கிலக் கம்பெனியின் கைக்கு வந்தது. படைகள் அகன்றன, வாணிபம் வளர்ந்தது. அவ்வாணிபத்துள் தோலும் ஒன்று.

தோலை நாடி எல்லைப் புறங்களில் கடை விரித்த கதை உலகில் வேறிடத்தும் உண்டு. 1670-இல் அரச சாசனம் பெற்ற ஹட்சன் விரிகுடாக் கம்பெனி, கனடாவின் வடபுறத்து ஆற்று முகங்களில் பண்டகசாலைகளை அமைத்தது. பழங்குடி வேட்டையர் பீவர் என்னும் விலங்கின் மென்மயிர்த் தோலைக் கொணர்ந்து, கம்பளியும் கெண்டியும் துப்பாக்கியும் பெற்றுச் சென்றனர். ஐரோப்பியரின் தொப்பிகளுக்காகப் பல இடங்களில் அவ்விலங்கினமே அருகிப்போயிற்று. தொப்பி அணிந்தவர் அதனைக் கண்டதில்லை.

எங்கள் ஊரில் அருகியது வேறொன்று.

எங்கள் தாத்தா காலத்தில் தோல் ஷாப்புகளில் சுண்ணாம்பு நீரில் மயிர் நீக்கி, ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறவைத்துத் தோல் பதனிட்டார்கள். மேட்டுநிலங்களில் பட்டை உரித்து, கட்டுக்கட்டாக விற்றுவந்த பணத்தில்தான் எங்கள் தந்தையார் பள்ளிக்குப் போனார். பின்னர் அவரும் தோல் ஷாப்பில் கணக்கெழுதினார். எனவே, அத்தொழிலைப் பழிக்கும் உரிமை எங்களுக்கு எளிதில் வாய்ப்பதில்லை.

1970-களில் அரைப்பதத் தோலின் ஏற்றுமதியை மத்திய அரசு கட்டுப்படுத்தி, முடித்த தோலை ஊக்குவித்தது. வாரக்கணக்கில் ஆன வேலையைக் குரோமிய உப்பு விரைவில் முடித்தது. தோல் கெடாதிருக்கத் தூவிய உப்பும், பதனிடும் இரசாயனமும் கழிவுநீரோடு ஓடைக்கும், ஓடையிலிருந்து நிலத்தடிக்கும் சென்றன. ஒரு நாள் சோறு வடிக்கையில் அம்மா சொன்னார்: “தண்ணி கரிக்குதுப்பா.” தந்தையார் பதில் சொல்லவில்லை. மறுநாள் வழக்கம்போல் வேலைக்குப் புறப்பட்டார்.

1996 ஆகஸ்டு 28 அன்று, வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறி, இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றுரைத்தது. திண்டுக்கல் உள்ளிட்ட மாவட்டங்களின் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. எங்கள் பகுதியின் 13 ஊர்களில் 467 கிணறுகளுள் 350 மாசடைந்தன என்ற தன்னார்வ ஆய்வும் அத்தீர்ப்பில் இடம்பெற்றுள்ளது. கெட்ட கிணறுகளுள் எங்களுடையதும் ஒன்று.

மாசுபடுத்தியவர் என்னும் சொல்லை வாசித்தபோது முதலில் எங்களுக்கு ஆலை முதலாளிகளே நினைவுக்கு வந்தனர். பிறகு தந்தையாரின் கணக்குப் புத்தகம் நினைவுக்கு வந்தது. அதன்பின், கடல் கடந்த கடைகளில் விலை மலிவென்று மகிழ்ந்து காலணி வாங்கியவர்களும், எங்கள் காலில் இருந்த செருப்பும். கழிவுநீரில் கையும் காலும் வெந்து உழைத்த கூலிக்காரருக்கு மட்டும் அப்பட்டியலில் இடமில்லை. அவர்கள் வீட்டுக் கிணறும் கரித்ததே.

தந்தையார் இன்றில்லை. கிணற்றைப் பலகையிட்டு மூடியிருக்கிறோம். ஆயினும் மழைக்காலம் முடிந்ததும் ஆண்டுக்கொரு முறை பலகையை நகர்த்தி, ஒரு வாளி இறைத்து, நாவில் ஒரு துளி வைத்துப் பார்க்கிறோம். கரிப்பு இன்னும் நீங்கவில்லை. மறு ஆண்டும் இறைப்போம்.