பாரிஸ் தரையில் ஒரு வெண்கல வட்டம்

புதுச்சேரி கோரிமேட்டில் எங்கள் தெருவுக்கு வரும் பூக்கார அம்மா முழம் போடுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை மல்லிகைச் சரத்தை இழுத்துப் பிடிப்பார். ஆளுக்கு ஆள் முழம் மாறும். அளவு என்பது மனுஷ உடம்பில் இருக்கிறது என்றே நினைத்திருந்தேன்.

பாரிஸில் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தபோது, லூவ்ர் அருங்காட்சியக முற்றத்தில் எல்லாரும் கண்ணாடிப் பிரமிடைப் பார்த்துக்கொண்டிருக்க, சித்தப்பா என் தோளைத் தொட்டார். “காலுக்குக் கீழே பாரும்மா.”

தரையோடு தரையாக ஒரு வெண்கல வட்டம். நடுவில் ‘அராகோ’ என்ற பெயர், மேலும் கீழும் வடக்கையும் தெற்கையும் குறிக்கும் ஒவ்வோர் எழுத்து. மிதிபட்டு மிதிபட்டு விளிம்பு பளபளத்தது. குந்தி உட்கார்ந்து பையிலிருந்த தையல் டேப்பை வைத்தேன். குறுக்களவு 12 செ.மீ. விளிம்பைச் சுற்றி ஒரு நூலை ஒட்டிவைத்து, எடுத்து நீட்டி அளந்தேன்: முப்பத்தேழரைக்குச் சற்று மேல். பள்ளிக்கூடத்தில் படித்த பை (π) அந்தக் கல்தரையில் என் கையில் நூலாகக் கிடந்தது.

இப்படி 135 வட்டங்களை யான் டிபெட்ஸ் என்ற டச்சுக் கலைஞர் 1994இல் நகரத்தின் குறுக்கே பதித்தார். பிரான்சுவா அராகோ என்ற வானியலாளரின் நினைவாக வைத்தவை. அவருடைய பழைய சிலையை உலகப்போர்க் காலத்தில் உருக்கிவிட்டார்கள். வட்டங்களை வரிசையாகச் சேர்த்தால் வருவது பாரிஸ் தீர்க்கரேகை. அதாவது பூமியைச் சுற்றும் மாபெரும் வட்டத்தின் ஒரு துளி.

மீட்டர் பிறந்தது அந்தப் பெரிய வட்டத்திலிருந்துதான். வட துருவத்திலிருந்து பூமத்திய ரேகை வரையுள்ள கால்வட்டத்தைக் கோடியாக வகுத்தால் ஒரு பங்கு ஒரு மீட்டர் என்று 1791இல் முடிவு செய்தார்கள். டெலாம்பர், மெஷான் என்ற இரு வானியலாளர்கள் 1792இல் கிளம்பி, டன்கர்க்கிலிருந்து பார்சிலோனா வரை முக்கோணம் முக்கோணமாக அளந்து முடிக்க ஏறக்குறைய ஏழு வருஷம் ஆனது. நடுவில் புரட்சி, போர், சிறை எல்லாம். அத்தனைக்குப் பிறகும் மீட்டருக்கு 0.2 மில்லிமீட்டர்தான் குறைந்தது. எனக்கு மெய்சிலிர்த்தது.

இன்னொரு வட்டத்தைப் பார்த்து அளக்க எங்கள் ஊருக்கும் ஒருவர் வந்தார். லெ ஜான்தி என்ற வானியலாளர். சூரிய வட்டத்தின் மேல் வெள்ளிக் கோள் கடப்பதைப் பார்க்க 1760இல் பிரான்சிலிருந்து புறப்பட்டார். 1761இல் நடந்ததைக் கடலில் கப்பலாட்டத்தில் சரியாக அளக்க முடியவில்லை. அடுத்ததற்காக 1769 ஜூன் வரை காத்திருந்து புதுச்சேரியில் கருவிகளை நிறுத்தினார். அன்று காலை மேகம் மூடிக்கொண்டது. கடந்து முடிந்த பிறகு வெயில் வந்தது. அவரை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

சேன் நதியைத் தாண்டி நடந்து, லுக்சம்பூர் தோட்டத்துக்கு எதிரே வோஜிரார் தெரு 36ஆம் எண்ணுக்குப் போனோம். வளைவுக்குக் கீழே சுவரில் சலவைக்கல்லில் பொறித்த மீட்டர். ஊர் மக்கள் வந்து சரிபார்த்துக்கொள்ள இருநூறு வருஷத்துக்கும் முன்னால் வைத்தது.

முழங்கையை அதன் ஓரத்தில் ஊன்றி அளந்தேன். இரண்டு முழம், ஏழு விரல்.