கரைவலையும் இருபது வரிகளும்

கடல் ஆடியது. அலை ஆடுகிற ஆட்டம் இல்லை. கரை, தோணி, மேலே இருக்கிற புள்ளி எண்ணிக்கை எல்லாம் சேர்ந்து முழுத்திரையும் குதித்தது. லெப்டொப்பில் எமுலேட்டரில் ஓட்டினால் ஒரு பிழையும் இல்லை. அதே புரோகிராமை மெமரி கார்ட் போடுகிற கெசட்டில் ஏற்றி, மருதமுனையில் எங்களில் ஒருவனின் வீட்டு டீவி கேமில் செருகினால்தான் இந்தக் கூத்து.

நாங்கள் நாலு பேர். செய்தது ஒரு சின்னக் கரைவலை விளையாட்டு: வலையை இழுக்கணும், மீன் நழுவ முதல் கரைக்குக் கொண்டுவரணும். எமுலேட்டரோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்த மெஷினில் ஓடணும் என்பதுதான் முதல் நாளே பேசிக்கொண்டது. அது அவனுடைய காக்கா வாங்கினது. 2004 டிசம்பர் லீவில் அதைச் சம்மாந்துறையில் மாமி வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அதனால் மெஷின் தப்பியது. காக்கா தப்பவில்லை. இப்போது இவனுக்கு கட்டார் விசா வந்துவிட்டது, கையில் இருந்தது பன்னிரண்டு நாள்.

முதலில் டீவியில்தான் சந்தேகப்பட்டோம். பழைய குண்டு டீவி, 14 இஞ்சி. கல்முனையில் ரேடியோ திருத்துகிற ஒரு காக்காவிடம் தூக்கிக்கொண்டு போனோம். அவர் பின்னால் இருந்த குமிழைத் திருகிப் பார்த்துவிட்டு, "செட்டு நல்லாத்தான் இரிக்கி தம்பி, உங்கட கெசட்டப் பாருங்க" எண்டார். காசும் வாங்கவில்லை.

அவர் சொன்னது சரி. விஷயம் இதுதான். இந்த மெஷின் 1983இல் ஜப்பானில் வந்த நின்டெண்டோ ஃபேமிலி கொம்பியூட்டரின் நகல். அதில் படம் வரைவதற்குத் தனிச் சிப் இருக்கிறது. அது மேலிருந்து கீழாக வரி வரியாக வரைந்துகொண்டு போகும்போது அதன் மெமரியில் நாம் கை வைக்கக் கூடாது. கடைசி வரி முடிந்து, திரும்ப மேலே போகிற அந்தச் சின்ன இடைவெளியில்தான் புதிய படத்தை எழுதணும். நேரம் தாண்டி எழுதினால், எங்கிருந்து வரையணும் என்கிற கணக்கே அந்தச் சிப்புக்குக் குழம்பிவிடும். படம் குதிப்பது அதனால்தான்.

இது எங்களுக்கு முன்னமே தெரியும், அதுதான் வெட்கம். ஜப்பான் மெஷினுக்கு அந்த இடைவெளி 20 வரி, கிட்டத்தட்ட 2,273 சைக்கிள். ஐரோப்பாவுக்கு நின்டெண்டோ செய்த பால் மெஷினுக்கு 70 வரி, 7,400க்கும் மேல். இலங்கை டீவி பால், 50 ஹேர்ட்ஸ். அப்போ நமக்கு 70 வரி என்று நாங்களாகவே முடிவெடுத்து, எமுலேட்டரையும் பாலில் வைத்து, கடலின் எட்டு வரிசையையும் ஒரே தடவையில் எழுதினோம். 256 கட்டம். ஒரு கட்டத்துக்கு 15 சைக்கிள் போட்டாலே 3,840.

எங்கே தாண்டுகிறது என்று பார்க்க ஒரு பழைய உபாயம் உண்டு. எழுத ஆரம்பிக்கும்போது திரையைச் சாம்பல் நிறமாக்கணும், முடிந்த உடனே நிறத்தைத் திரும்பக் கொடுக்கணும். நேரத்துக்குள் முடிந்தால் சாம்பல் கண்ணில் படாது. இஷாவுக்குப் பிறகு போட்டுப் பார்த்தோம். திரையின் மேற்பக்கம் ஒரு விரல் அகலத்துக்குச் சாம்பல்.

"மச்சான், இது எழுபது இல்லடா."

இல்லைதான். நகல் சிப் செய்தவர்கள் கெட்டிக்காரர்கள். ஜப்பான் கெசட்டுகள் 20 வரிக் கணக்கில் எழுதப்பட்டவை, அவை பால் டீவியில் ஓடணும். அதனால் கூடுதலாக வந்த 50 வரியையும் இடைவெளி தொடங்குவதற்கு முன்னாலேயே சும்மா கழியவிட்டு, இடைவெளியை அதே 20 வரியாக வைத்துவிட்டார்கள். ரஷ்யாவில் இப்படியான நகல் 'டெண்டி' என்ற பெயரில் விற்றது. மெசன் எமுலேட்டரில் அந்தப் பெயரிலேயே ஒரு தெரிவு இருக்கிறது. நாங்கள் அதை நூறு தடவை பார்த்திருப்போம், தொட்டதில்லை. எங்கள் மெஷினுக்குள் கறுப்புத் தார் மாதிரி ஒரு பொட்டுத்தான் இருக்கிறது, சிப்பின் பெயரை வாசித்துக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. டெண்டியில் வைத்தோம். லெப்டொப்பிலும் கடல் குதித்தது. பிழை வந்ததற்கு இப்படிச் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை.

இன்னொன்றும் அப்போதுதான் விளங்கியது. யூடியூபில் மரியோ பாட்டுக் கேட்கும்போதெல்லாம் ஏன் இவ்வளவு அவசரம் என்று தோன்றும். அவசரம் அவர்களுக்கு இல்லை. 60க்கு எழுதினதை 50இல் ஓட்டி, ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் வளர்ந்த பிள்ளைகள் நாங்கள்.

திருத்தம் லேசானது. ஒரு தடவைக்கு இரண்டு வரிசை, நாலு தடவையில் முழுக்கடல். அலை முந்தியை விடக் கொஞ்சம் ஆறுதலாக வருகிறது, உண்மையில் அதுதான் நல்லாயிருக்கிறது.

போவதற்கு இரண்டு நாள் முன்னால் மெஷினில் போட்டோம். சாம்பல் இல்லை, குதிப்பு இல்லை. அவனுடைய உம்மா சமையலறை வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வந்து இருந்து, "இதுல நான் எத அமத்தணும்?" எண்டு கேட்டார். இரண்டாவது கைப்பிடியைக் கொடுத்தோம். அதில் பி பட்டன் வேலை செய்யவில்லை. திறந்து பார்க்கணும்.