ஒன்பதாவது கிலோ

சமயபுரத்தில் நெடுஞ்சாலையை ஒட்டிக் குடியிருப்பவனுக்குக் கம்ப்ரசர் சத்தம் புதிதல்ல. சென்னைக்குப் போகும் லாரிகளும் அம்மனைப் பார்க்க வரும் வேன்களும் பஞ்சர் கடையில் நின்று காற்றடித்துக்கொண்டு போகும். நாளெல்லாம் தடதடவென்று ஓடி, தொட்டி நிறைந்ததும் 'புஸ்' என்று ஒரு பெருமூச்சு விட்டு அடங்கும். அந்தப் பெருமூச்சில் எனக்கொரு மயக்கம். வீட்டுக் கொல்லையில் தகரம் போட்டு ஒரு சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். பழைய நாற்காலி, சைக்கிள், இரும்புக் கதவு என்று எதையாவது தேய்த்துப் பெயிண்ட் அடிப்பது என் பொழுதுபோக்கு. ஸ்ப்ரே கன் வாங்கியாயிற்று, காற்றுக்குத்தான் வழியில்லை.

திருச்சியில் ஒரு காயலான் கடையில் பழைய கம்ப்ரசர் ஒன்று கிடைத்தது. 2 எச்.பி. மோட்டார், 100 லிட்டர் தொட்டி, பளபளவென்று நீலப் பெயிண்ட். கடைக்காரர் ஓட்டியும் காட்டினார். கேஜில் முள் 7 கிலோவுக்கு ஏறி நின்றது. 9,000 ரூபாயைக் கொடுத்துக் குட்டி யானையில் ஏற்றிய பிறகுதான் நினைவு வந்தது, அன்று மாசி மாதக் கடைசி ஞாயிறு. பூச்சொரிதல். பூத்தட்டு ஏந்திய கூட்டத்துக்கு நடுவே வண்டி ஊர்ந்து வீடு சேர இருட்டிவிட்டது.

அன்று தொடங்கி, பக்தர்களுக்காக அம்மனே பச்சைப்பட்டினி விரதம் இருக்கும் அந்த 28 நாளும் நான் பம்பைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஹெட்டைக் கழற்றினால் வால்வு பிளேட்டில் கரி அப்பளம்போல் படிந்திருந்தது. கம்ப்ரசர் ஆயில் ஊற்ற வேண்டிய இடத்தில் யாரோ லாரியில் வடித்த பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். கண்ணாடித் துண்டின்மேல் எமரி பேப்பரை விரித்து, எண்ணெய் விட்டு, பிளேட்டை எட்டுப் போடுவதுபோல் சுழற்றிச் சுழற்றித் தேய்த்தேன். கேஸ்கெட்டைக் கடையில் கேட்கவில்லை. ஷீட்டை ஹெட்டின்மேல் வைத்து விளிம்போடு சின்னச் சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போனால், இரும்பின் ஓரமே கத்தியாகிப் பேப்பரை வெட்டிக் கொடுத்துவிடும். இந்த வேலையில் இருக்கும் சுகம் வேறெதிலும் இல்லை என்பேன். ரிங் மாற்றி, பெல்ட் மாற்றி, நான்-ரிட்டர்ன் வால்வைக் கழுவி மாட்டினேன். தொட்டியை மட்டும் ஒரு ஈரத் துணியால் துடைத்ததோடு சரி.

ஓட்டிப் பார்க்கும் நாளில் மனைவி எலுமிச்சம்பழத்தோடு வந்து நின்றாள். கூடவே, எதிர் வீட்டு அண்ணன். திருவெறும்பூர் பெல்லில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 1965 முதல் பாய்லர் செய்துவரும் தொழிற்சாலை அது.

"பழத்த அப்புறம் வெய்யும்மா. தம்பி, டேங்குக்குத் தண்ணி டெஸ்ட் பண்ணியா?"

"7 கிலோ ஏறுதுண்ணே, நானே பாத்தேன்."

அவர் பதில் சொல்லவில்லை. சுத்தியலை எடுத்துத் தொட்டியின் முதுகில் தட்டினார், ணங்கென்றது. வயிற்றில் தட்டினார், டப்பென்றது.

பிறகு கணக்குச் சொன்னார். 7 கிலோ என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு. தொட்டியின் மூடி 40 சென்டிமீட்டர் விட்டம். அப்படியானால் அந்த ஒரு மூடியை மட்டும் உள்ளிருந்து 8,800 கிலோ தள்ளிக்கொண்டிருக்கிறது. நான் வாய் பிளந்தேன். போதாக்குறைக்கு ஒவ்வொரு முறை தொட்டி நிறையும்போதும் காற்றிலுள்ள ஈரம் நீராகி அடியில் தங்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒரு தடவைக்கு ஏறக்குறைய ஒரு மேசைக்கரண்டி. ட்ரைன் காக்கைத் திறந்துவிடாமல் வருடக்கணக்கில் ஓட்டினால், வெளியே நீலம் மின்னும். உள்ளே துரு தின்றுகொண்டிருக்கும்.

அப்புறம் ஏன் தண்ணீர்? அமுக்கப்பட்ட காற்று சுருண்ட ஸ்பிரிங், விட்டால் சீறும். தண்ணீரோ அமுக்கினாலும் சுருங்குவதே இல்லை என்று சொல்லிவிடலாம். அதனால் தொட்டி விரிசல் விட்டாலும் நாலு சொட்டு வழியும், அழுத்தம் விழுந்துவிடும், யாருக்கும் காயமில்லை. பாய்லர்க்காரர்கள் ஓட்டும் அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்குக்குத் தண்ணீரில் சோதிப்பது இதனால்தான். 1863இல் கல்கத்தாவில் பாய்லர் வெடித்து உயிர்கள் போன பிறகுதான் மறுவருடம் வங்காளத்தில் அதற்கென ஒரு சட்டம் வந்தது. நாடு முழுமைக்குமான பாய்லர் சட்டம் 1923இல்.

ஒரு கைப்பம்பை எங்கிருந்தோ வாங்கி வந்தார். தொட்டியைத் தளும்பத் தளும்ப நிரப்பி, காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாமல் வெளியேற்றி, மெல்ல அடித்தார். 5. 7. எனக்குப் பெருமை. 8. இலக்கு பத்தரை. முள் 9ஐத் தொட்டதும் தொட்டியின் வயிற்றில் ஓரிடத்தில் நீலப் பெயிண்ட் கொப்புளமாக எழும்பி உடைந்தது. தையல் நூல் கனத்தில் தண்ணீர் பீய்ச்சி என் செருப்பை நனைத்தது. பெயிண்டைச் சுரண்டினோம். அடியில் பட்டி பூசியிருந்தார்கள், சுவருக்குப் பூசுவதுபோல.

"ஒரு ஒட்டு வச்சு வெல்டிங் பண்ணிடலாமாண்ணே?"

"நாப்பது வருசம் வெல்டிங் பண்ணவன் சொல்றேன், பண்ண மாட்டேன். இந்த ஓட்டைக்குப் பக்கத்துல எத்தன ஓட்டை காத்திருக்கோ."

துவாக்குடியில் சொல்லிவைத்து, சோதித்த சான்றோடு புதுத் தொட்டி வாங்கினேன். பழைய பம்பும் மோட்டாரும் அதன்மேல் உட்கார்ந்துகொண்டன. மனைவி எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வைத்தாள். மாலையில் வேலை முடிந்ததும் ட்ரைன் காக்கைத் திறந்தால், காவி நிறமில்லாத தெளிந்த நீர் வருகிறது.

நீலத் தொட்டியை எடைக்குப் போட்டேன், அதே கடையில் அல்ல. போடுவதற்கு முன் கிரைண்டரால் அதன் வயிற்றில் உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி எடுத்தேன். "எதுக்கு சார் வெட்டுனீங்க, முழுசா இருந்தா நல்ல வெலைக்கு எடுத்திருப்பேனே" என்றார் கடைக்காரர். 31 கிலோ நின்றது.