சீசாவுக்குள் ஒரு செடி

பச்சை இலை தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும் என்பது சிறுவரும் அறிந்த செய்தி. கதிரவன் ஒளியைத் துணைகொண்டு, வேர் தரும் நீரையும் காற்றிலுள்ள கரியமிலவாயுவையும் இணைத்து, அது சர்க்கரையை உண்டாக்குகிறது. இத்தகைய ஆற்றல் வாய்ந்த செடிக்கு ஒருவர் சர்க்கரையைக் கரைத்து ஊட்டுவது, கொல்லன் தெருவில் ஊசி விற்பதைப் போன்றது அன்றோ? ஆயினும் திசு வளர்ப்புக் கூடங்களில் நாள்தோறும் நடப்பது அதுவே.

தாய்ச்செடியின் குருத்திலிருந்து சிறிதளவு திசுவை வெட்டி எடுத்து, நுண்கிருமிகளை நீக்கி, உப்புச் சத்துகளும் சர்க்கரையும் கலந்த கூழின்மேல் வைத்துச் சீசாவில் அடைப்பர். கடற்பாசியிலிருந்து கிடைக்கும் அகர் அக்கூழை இறுகச் செய்கிறது. 1962ஆம் ஆண்டில் முராஷிகே, ஸ்கூக் என்னும் இருவர் வகுத்த கலவை இன்றும் பெருவழக்காக உள்ளது. அதில் லிட்டர் ஒன்றுக்கு 30 கிராம் சர்க்கரை சேர்ப்பர். கடுகளவு திசுவுக்கு இலை ஏது? இலை இல்லாதபோது உணவு ஏது? ஆகவே தொடக்கத்தில் ஊட்டுவது முறையே. 1902ஆம் ஆண்டில் ஆஸ்திரிய நாட்டு அறிஞர் ஹாபர்லாண்ட், இலையின் உயிரணுக்களைத் தனியே பிரித்துச் சர்க்கரை கலந்த கரைசலில் வளர்க்க முயன்றார். அவை பல நாள் உயிரோடிருந்தன, பருத்தன, ஆனால் பிரிந்து பெருகவில்லை. அவர் கண்ட கனவைப் பின்வந்தோர் நனவாக்கினர். இன்று தமிழ்நாட்டு உழவர் நடும் வாழைக்கன்றுகளுள் பல இவ்வாறு சீசாவில் பிறந்தவையே.

செடி இலை விட்ட பின்னரே சிக்கல் தொடங்குகிறது. நான்கைந்து இலைகளோடு பசுமையாக நிற்கும் இளஞ்செடியை எடுத்து மண்ணில் நட்டால், அது சில நாள்களில் வாடி விழுவதுண்டு. சீசாவுக்குள் ஈரம் நிறைந்திருப்பதால் இலையின் மெழுகுப் பூச்சு மெலிந்திருக்கும். இலைத்துளைகளும் உரிய வேளையில் மூடமாட்டா. அவற்றோடு, இலை பச்சையாக இருந்தும் ஒளிச்சேர்க்கை மிகக் குறைவு. ஊட்டி வளர்த்த பிள்ளை உழைக்க மறுப்பதுபோலச் செடியும் சோம்பிவிட்டது என்று எவரும் எண்ணுதல் இயல்பு.

அவ்வெண்ணத்தில் ஓரளவு உண்மை உண்டு. 1990ஆம் ஆண்டில் ஜென் ஷீன் என்னும் அம்மையார் மக்காச்சோள இலையின் உயிரணுக்களை ஆராய்ந்து, சர்க்கரை மிகும்போது ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய மரபணுக்கள் அடங்கிப்போவதைக் காட்டினார். களஞ்சியம் நிறைந்திருக்க உழுவானேன் என்று இலை இருந்துவிடுகிறது போலும்! ஆயினும் முழுப் பழியையும் செடியின்மேல் சுமத்துவது அறமன்று.

ஜப்பான் நாட்டுச் சிபா பல்கலைக்கழகப் பேராசிரியர் தோயோகி கோசாய், சீசாவுக்குள் அடைபட்டிருக்கும் காற்றை ஆராய முற்பட்டார். வெளிக்காற்றின் பத்து லட்சம் பங்கில் இன்று ஏறத்தாழ 420 பங்கு கரியமிலவாயு. இறுக மூடிய சீசாவிலோ, இரவில் செடி மூச்சு விடுவதால் அது சில ஆயிரம் பங்கு வரை ஏறுகிறது. விளக்கேற்றிய ஓரிரு மணி நேரத்தில் நூறு பங்கு அளவுக்கு இறங்கிவிடுகிறது. அதன்பின் பகல் முழுதும் இலைக்கு வேலை செய்யப் பொருள் இல்லை. ஒளியேனும் நிறைவாக உண்டோ எனின், அதுவும் இல்லை. வளர்ப்பறை விளக்குகள் தருவது நண்பகல் வெயிலில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான். அரிசி இல்லாத வீட்டில் விறகுக்கும் பஞ்சம்!

சீசாவை ஏன் அவ்வளவு இறுக மூட வேண்டும்? வேடிக்கை அங்கேதான் உள்ளது. சர்க்கரை செடிக்கு உணவாவதுபோலப் பூசணத்துக்கும் பாக்டீரியாவுக்கும் விருந்தாகிறது. அவை நுழையாதிருக்க மூடியை இறுக்கினர். இறுக்கியதால் கரியமிலவாயு வற்றியது. வற்றியதால் இலை உழைக்க இயலவில்லை. உழைக்காத செடியைக் காக்க மீண்டும் சர்க்கரை!

கோசாயும் அவர்தம் துணைவரும் இவ்வட்டத்தை அறுக்க முனைந்தனர். இலையுடைய உருளைக்கிழங்கு நாற்றுகளைச் சர்க்கரை சேராத ஊடகத்தில் வைத்து, ஒளியை மிகுத்து, கரியமிலவாயு தட்டாமல் கிடைக்கச் செய்தனர். 1988ஆம் ஆண்டில் இம்முயற்சியின் செய்தி வெளிவந்தது. நாற்றுகள் பட்டினியால் மடியவில்லை. தம் உணவைத் தாமே ஆக்கி வளர்ந்தன. காற்றை விட்டுக் கிருமியைத் தடுக்கும் நுண்துளைச் சவ்வு பொருத்திய மூடிகளும் இப்பணிக்குத் துணை நின்றன. ஒளியை மட்டும் பெருக்கியிருந்தால் பயன் விளைந்திராது. கரியமிலவாயு அருகியிருக்கும்போது மிகுந்த ஒளி இலைக்கு ஊறே செய்யும்.

இம்முறை எங்கும் பரவிவிடவில்லை. விளக்குக்கும் வாயுவுக்கும் செலவு ஆகும். இலை அரும்பாத திசுவுக்கோ சர்க்கரையன்றி வேறு வழி இல்லை. ஆகவே பல கூடங்களில் பழைய கலவையே நீடிக்கிறது. அங்கிருந்து வரும் செடிகளை நிழற்கூடத்தில் வைத்து, பனிபோல் நீர் தெளித்து, சில வாரம் பழக்குகின்றனர். சீசாவில் விட்ட பழைய இலைகள் ஒவ்வொன்றாகப் பழுத்து உதிர, மண்ணில் நின்று விட்ட புதிய இலைகள் செடிக்குச் சோறாக்கத் தொடங்குகின்றன.