‘நைஸ்’ என்னும் சொல்

ஆங்கிலத்திலே ‘நைஸ்’ என்னும் பெயரடையைப் போல மலிந்துவிட்ட சொல் வேறொன்று உண்டோ என நாம் ஐயுறுகின்றோம். தேநீரும் நைஸ், மழையும் நைஸ், மணமகளும் நைஸ்.

இதன் பிறப்போ அத்துணை இனியதன்று. இலத்தீனில் ‘நெஸ்கியுஸ்’ என்றால் அறியாதவன். அறிதலைக் குறிக்கும் ‘ஸ்கீரே’ என்னும் வினையோடு எதிர்மறை சேர்ந்து பிறந்தது அச்சொல். ‘சயன்ஸ்’ என்பதும் அதே வினையின் வழிவந்ததே என்றால் மாணவர் வியப்பர். பழைய பிரெஞ்சு வழியாக 1300ஆம் ஆண்டளவில் ஆங்கிலத்துட் புகுந்தபோது ‘நைஸ்’ எனப்பட்டவன் மூடன். பின்னர் அது கூச்சத்தைக் குறித்தது, கூச்சம் நாசூக்காயிற்று, நாசூக்கு நுட்பமாயிற்று. ‘இனிய’ என்னும் இன்றைய பொருள் 18ஆம் நூற்றாண்டிலேதான் வேரூன்றியது. நமது ‘நாற்றம்’ நறுமணத்திலிருந்து இழிந்ததென்றால், இது மூடத்தனத்திலிருந்து ஏறிய சொல்.

நுட்பப் பொருள் இன்னும் மாய்ந்துவிடவில்லை. மயிரிழை வேறுபாட்டை ‘நைஸ் டிஸ்டிங்ஷன்’ என்பர். மாவை ‘நைஸாக’ அரைக்கச் சொல்லும் நம் வீட்டு அம்மம்மாவும் அப்பொருளுக்கு அணித்தாகவே நிற்கின்றார்.

பழைய நூல்களைக் கற்போர் இங்கே விழிப்பாயிருத்தல் வேண்டும். ஷேக்ஸ்பியரின் ‘ரோமியோ யூலியட்’ நாடகத்தில், லோரன்ஸ் துறவி ரோமியோவுக்கு விடுத்த மடல் போய்ச் சேரவில்லை. அம்மடல் ‘நைஸ்’ அன்று எனத் துறவி பதறுகின்றார். ‘நல்லதன்று’ எனக் கொண்டால் காட்சியே கெட்டுவிடும். ‘அற்பமானதன்று’ என்பதே கருத்து. அது சேராமையால் அன்றோ இரண்டு இளம் உயிர்கள் மாண்டன!

சொல் தேய்ந்துபோவதை ஜேன் ஒஸ்ரின் அன்றே கண்டுகொண்டார். 1817 இறுதியில் வெளிவந்த ‘நோர்தாங்கர் அபே’ நாவலிலே, ஹென்றி டில்னி என்னும் இளைஞன் இச்சொல்லைக் கண்டபடி வழங்குவதைக் கேலி செய்கின்றான். அவன் பேச்சு சற்றே அதிகம் என்றாலும் நாம் அவன் பக்கமே.

சில ஆண்டுகளுக்கு முன் கனடாவுக்குப் படிக்கச் சென்ற எமது தமக்கையாரின் மகன் எழுதிய முதற் கடிதத்தில் அறை, உணவு, வீட்டுக்காரி யாவும் ‘நைஸ்’ என்றே இருந்தன. பிள்ளை வயிறார உண்கின்றானா என்று அறியத் துடித்த தாய்க்கு அதில் யாதொன்றும் கிட்டவில்லை. அறைக்கு யன்னல் உண்டா, சோற்றுக்கு என்ன கறி, போர்வை எத்தனை என்று தமக்கையார் கேட்டு எழுதினார். மறுகடிதம் நான்கு பக்கங்களில் வந்தது. யன்னலின் முறிந்த கொளுக்கியும் அதில் இருந்தது.